ஒரு பத்திரிகைப் படம், சில பானை ஓடுகள்: விவான் சுந்தரம் சொன்ன இந்திய வரலாறு

கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள ஜூ டவுனுக்குப் போனவர்கள் மிளகு விற்கும் கடைகளையும் பழம்பொருள் கடைகளையும் பார்த்திருப்பார்கள். 1568-இல் கட்டப்பட்ட பரதேசி சினகாக் இன்றும் அங்கே நிற்கிறது. ஆனால் 1948-இல் இஸ்ரேல் உருவான பிறகு யூதக் குடும்பங்களில் பெரும்பாலானவை கிளம்பிவிட்டன. தெரு இருக்கு, பெயர் இருக்கு. அங்கே வாழ்ந்தவர்கள்தான் இல்லை.

மிச்சமான பொருட்களை வைத்து, இல்லாமல் போனவர்களின் கதையை எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர் விவான் சுந்தரம். கொச்சிக்கும் அவர் வந்திருக்கிறார்.

யார் இவர்?

1943-இல் சிம்லாவில் பிறந்தவர். அப்பா கே.வி.கே. சுந்தரம், நாட்டின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையர். அம்மா இந்திரா, ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் தங்கை. பரோடாவில் ஓவியம் படித்துவிட்டு லண்டன் ஸ்லேட் கல்லூரிக்குப் போனார். 1968 மாணவர் போராட்டங்கள் அவரை அரசியல் பக்கம் இழுத்தன.

கொலாஜ்னா என்ன?

செய்தித்தாள் துணுக்கு, ஃபோட்டோ, துணி என வெவ்வேறு இடத்துத் துண்டுகளை ஒன்றாக ஒட்டி உருவாக்கும் படம். முதல் உலகப் போருக்குப் பிறகு பெர்லினில் ஹன்னா ஹோக் போன்றவர்கள் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டி, அன்றைய அரசியலைக் கேலி செய்தார்கள். சுந்தரம் இந்த உத்தியைக் காகிதத்தோடு நிறுத்தவில்லை. ஒரு அறை முழுக்கப் பொருட்களைச் சேர்த்து, பார்ப்பவர் உள்ளே நடந்துபோகும்படி செய்தார்.

பம்பாயில் விழுந்து கிடந்தவர்

1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பம்பாயில் நடந்த கலவரங்களில் 900 பேர் இறந்ததாக ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்டது. அவர்களில் 45 பேர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் என்றே தெரியவில்லை.

தெருவில் இறந்து கிடந்த ஒருவரை ஹோஷி ஜால் எடுத்த ஃபோட்டோ டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வந்தது. அந்த ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, ஆணிகள் அடித்து, 1993-இல் சுந்தரம் உருவாக்கியதுதான் ‘மெமோரியல்’. அதில் தகர டிரங்குப் பெட்டிகளால் ஆன ஒரு வாயிலும் உண்டு. பிழைப்பு தேடி நகரத்துக்கு வருபவர்கள் தூக்கிவரும் அதே பெட்டிகள். அரசாங்கம் தலைவர்களுக்குக் கட்டுவதுபோல, பெயர் தெரியாத ஒருவருக்கு அவர் நினைவிடம் கட்டினார்.

பார்க்காத பெரியம்மா

அம்ரிதா ஷெர்கில் 1941-இல், 28 வயதில் இறந்தார். சுந்தரம் பிறந்தது அதற்குப் பிறகு. 2001-02-இல், தாத்தா உம்ராவ் சிங் எடுத்த குடும்பப் படங்களைக் கணினியில் வெட்டி இணைத்து ‘ரீ-டேக் ஆஃப் அம்ரிதா’ வரிசையை உருவாக்கினார். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஊரில் எடுத்த படங்களில் இருந்தவர்கள் இதில் ஒரே அறைக்குள் வந்தார்கள்.

கொச்சியில் என்ன செய்தார்?

2012-இல் நடந்த முதல் கொச்சி-முசிறிஸ் பியனாலேயில் அவருடைய படைப்பு ‘பிளாக் கோல்டு’. மிளகுக்குக் கறுப்புத் தங்கம் என்றும் பெயர் உண்டல்லவா? யவனர்கள் பொன்னோடு வந்து மிளகு ஏற்றிப்போன முசிறியைச் சங்கப் பாடல்கள் வழியே நமக்குத் தெரியும். அந்தத் துறைமுகம் இருந்ததாகப் பல ஆய்வாளர்கள் கருதும் பட்டணம் கிராமத்தில் அகழாய்வு நடந்தது. ஆய்வாளர்கள் ஒதுக்கிவிட்ட பானை ஓடுகளைச் சுந்தரம் கேட்டு வாங்கி, அவற்றை அடுக்கி ஒரு நகரத்தையே உருவாக்கினார்.

ஏன் முக்கியம்?

உடைந்ததை அவர் உடையாததுபோலக் காட்டவில்லை. ஓடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அப்படியே தெரியும். காணாமல் போனது எவ்வளவு என்பதும் வரலாற்றின் ஒரு பகுதிதானே?

2023 மார்ச் 29 அன்று டெல்லியில் சுந்தரம் காலமானார். தினமும் நூறு ஃபோட்டோக்களைத் தள்ளிவிட்டுப் போகிற நம் விரல்களுக்கு அவர் விட்டுச்சென்ற பாடம் எளிமையானது: ஒரு படத்திலாவது கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், அதில் இருப்பவர் யார் என்று கேட்க வேண்டும்.