எரிபொருளிலிருந்து டயருக்கு: ஃபார்முலா ஒன் வியூகம் இடம் மாறிய வரலாறு

ஃபார்முலா ஒன் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவது 2010-இல் தடை செய்யப்பட்டபோது, வியூகத்துக்கே இனி வேலையில்லை என்று பலர் வருந்தினார்கள். தகுதிச் சுற்று நடக்கும் சனிக்கிழமையே பூட்டப்பட்டுவந்த ஒரு முடிவை ஞாயிறன்று ஓட்டத்தின் போக்கில் எடுக்க வேண்டியதாக அந்தத் தடை மாற்றியது என்பதே இக்கட்டுரையின் வாதம். பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவதை 1982-இல் கையாண்ட பிரபாம் அணியின் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரி பாதி நிரம்பிய டாங்கையும் மென்மையான டயரையும் சேர்த்தே திட்டமிட்டார். காரின் எடை குறைவதால் மிச்சமாகும் நேரம், பிட்டில் (ஓடுபாதையோரப் பணியிடத்தில்) நிற்பதால் இழக்கும் நேரத்தைவிட அதிகம் என்பது அவர் கணக்கு. 1984-இல் தடை வந்து 1994-இல் இந்த வழக்கம் திரும்பியபோது எரிபொருளே தலைமை ஏற்றது. குழாய் பொருத்தியிருக்கும் நேரத்துக்குள் டயர் மாற்றமும் முடிந்துவிடும்.

2003 முதல் 2009 வரை, இடையிடையே விதிகள் திருத்தப்பட்டாலும், முன்வரிசைக்கான தகுதிச் சுற்றைப் பந்தயத்துக்கான எரிபொருளோடுதான் ஓட வேண்டியிருந்தது. பத்துக் கிலோ எரிபொருள் ஒரு சுற்றில் ஏறத்தாழ 0.3 வினாடியைத் தின்றுவிடும். ஆகவே முதலிடம் பிடித்த கார் உண்மையிலேயே வேகமானதா, வெறுமனே எடை குறைந்ததா என்று பார்வையாளருக்குத் தெரியாது. 2009-இல் தகுதிச் சுற்று முடிந்ததும் கார்களின் எடையை வெளியிட்டார்கள். யார் எத்தனையாவது சுற்றில் பிட்டுக்கு வருவார் என்பதை எவரும் கணக்குப் போட்டுவிட முடிந்தது. முன்கூட்டியே இவ்வளவு தெரிந்துவிடுகிற ஒன்றை வியூகப் போர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1998 ஹங்கேரிப் பந்தயத்தைக் காட்டி இதை மறுக்கலாம். அங்கே அணியின் தொழில்நுட்ப இயக்குநர் ராஸ் பிரான் ஓட்டத்தின் நடுவிலேயே திட்டத்தை மூன்று நிறுத்தங்களாக மாற்றி, 19 சுற்றுகளில் 25 வினாடி முன்னேறும்படி தன் ஓட்டுநர் ஷூமாக்கரைக் கேட்டார், அவரும் வென்றார். மறுப்பு நியாயமானதுதான். ஆனால் அத்தகைய அடிக்கு எதிராளியால் உடனே பதிலடி கொடுக்க முடியாது: டாங்கில் ஏறிவிட்ட எடையை எந்த அணியாலும் இறக்கிவைக்க முடியாது. டயருக்கு அந்தப் பூட்டு இல்லை. இதில் நடந்த தலைகீழ் மாற்றம் கவனிக்கத்தக்கது. முன்பு, பிட்டிலிருந்து வெளிவருபவர் கனத்த காரோடு தடுமாற, காலி டாங்கோடு இன்னும் சில சுற்றுகள் ஓடியவரே பெரும்பாலும் முந்தினார். 2010-க்குப் பின் புதிய டயரோடு முதலில் திரும்புபவரே பல இடங்களில் முந்துகிறார். அதுதான் அண்டர்கட். எதிராளி அடுத்த சுற்றிலேயே பதில் சொல்லியாக வேண்டும்.

தடை வந்த ஆண்டின் முதல் பந்தயமான பஹ்ரைன் சலிப்பூட்டியதே என்பார்கள். அதற்குக் காரணம் பிரிட்ஜ்ஸ்டோன் டயரின் உறுதி. அதே ஆண்டு மான்ஸாவில் ஓட்டுநர் வெட்டல் ஒரே ஒரு சுற்று மிச்சமிருக்கும்போதுதான் டயர் மாற்றி நான்காவதாக முடித்தார். டயர் விரைவாகத் தேய்ந்த கனடாவிலோ பந்தயம் முழுக்க வரிசை கலைந்துகொண்டே இருந்தது. அந்தக் கனடாவையே மாதிரியாக வைத்து, 2011-இல் வந்த டயர் நிறுவனமான பிரெல்லியிடம் டயர் கேட்கப்பட்டது.

குறுகிய மொனாக்கோவில் மட்டும் இந்த வாதம் தளர்கிறது. 2024-இல் அங்கே முதல் சுற்றிலேயே பந்தயத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி விழ, கட்டாய டயர் மாற்றம் அப்போதே முடிந்தது. முதல் பத்துப் பேரும் புறப்பட்ட வரிசையிலேயே வந்து சேர்ந்தார்கள். அதைச் சரிசெய்ய முனைந்தபோதுகூட எரிபொருள் குழாய் திரும்பி வரவில்லை: ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று செட் டயர் பயன்படுத்த வேண்டும் என்பதே அங்கே 2025-இன் விதி.