காணாமலே கூறிய பூச்சி

ஓர் உயிரைக் கண்ட பின்னர் அதன் இயல்பை விவரித்தல் அறிஞர் வழக்கம். காணும் முன்பே அதன் நாவின் நீளத்தைக் கூறியவர் உண்டோ எனில், உண்டு.

1862ஆம் ஆண்டு சார்லஸ் டார்வினுக்கு ஜேம்ஸ் பேட்மன் என்பவர் சில ஆர்க்கிட் மலர்களை அனுப்பினார். அவற்றுள் ஒன்று மடகாஸ்கர் தீவில் மலரும் வெண்மலர். அதன் பின்னே தொங்கிய தேன்குழலை டார்வின் அளந்தார். 11½ அங்குலம் இருந்தது. தேனோ அடியில் மட்டுமே நின்றது. பூச்சி தன் முகம் மலரில் அழுந்துமளவு முயன்று தேனை உறிஞ்சினால்தான் மகரந்தம் அதன்மேல் ஒட்டும். ஆகவே, பத்துப் பதினோரு அங்குலம் நீளும் உறிஞ்சுகுழலுடைய அந்துப்பூச்சி ஒன்று அத்தீவில் இருத்தல் வேண்டும் என்று அவ்வாண்டே எழுதினார். பூச்சியியலார் சிலர் எள்ளி நகைத்தனர்.

1867இல் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் அவருக்குத் துணை நின்றார். ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் வாழும் அந்துப்பூச்சி ஒன்றின் குழல் 7½ அங்குலம் இருப்பதை எடுத்துக்காட்டினார். கணக்கிட்டு நெப்டியூன் கோளைத் தேடிய வானியலாரைப் போலவே, இப்பூச்சியையும் நம்பித் தேடலாம் என்றார்.

டார்வின் 1882இல் மறைந்தார். பூச்சியை அவர் காணவே இல்லை. 1903இல் வால்ட்டர் ரோத்ஸ்சைல்டும் கார்ல் ஜோர்டனும் மடகாஸ்கரின் பூச்சியை விவரித்து, 'பிரெடிக்டா' எனப் பெயரிட்டனர். முன்கூட்டியே கூறப்பட்டது என்பது அதன் பொருள். ஆயினும், 1856இலேயே பெயர்பெற்ற பெருநிலப் பூச்சியின் கிளையினமாகவே அதனை வைத்தனர். உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்ட ஆய்வாளர் 2021இல்தான் அது தனி இனமே என்று நிறுவினர். அவ்வினத்துப் பூச்சியொன்றின் குழல் 11 அங்குலத்தையும் சற்றுக் கடந்திருந்தது.

இதில் நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. 1903க்கு முன்னரே அத்தீவின் காடுகள் அழிந்திருப்பின், பூச்சியும் மறைந்திருக்கும். நகைத்தவர் சொல்லே நிலைத்திருக்கும். டார்வினின் அறிவு பிழையாகாவிடினும், அதற்குச் சான்று இராது. இன்றும் அங்கே காடுகள் குறைந்து வருகின்றன. எந்த மலரின் குழல் எந்தப் பூச்சிக்காக நீண்டது என்பதை நாம் முற்றும் அறிந்தோமில்லை. வகுப்பறையில் மாணவர்க்கு நான் பல்லாண்டு கூறியதையே இங்கும் கூறுவேன்: நகைப்பதற்கு முன் அளந்து பாருங்கள், அளப்பதற்கு முன் அழித்துவிடாதீர்கள்.