வேட்பாளரை அளந்த இரு கோல்கள்: சிக்காகோ மாநகரசபைத் தேர்தல்கள், 1895 – 1898

தேர்தலில் நிற்பவரை எதனைக் கொண்டு அளப்பது? அவர் சபையிலே அளித்த வாக்கைக் கொண்டா, வாக்காளரின் வாசற்படியில் வந்து நின்ற தடவைகளைக் கொண்டா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதித் தசாப்தத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிக்காகோ நகரில் இவ்வினா நூலறிஞர்களின் விவாதமாக இருக்கவில்லை; குப்பை வண்டியும் ட்ராம் வண்டியும் சம்பந்தப்பட்ட அன்றாட விவகாரமாக இருந்தது. அந்நகரத்து முற்போக்காளர் ஓர் அளவுகோலை வகுத்தனர். வறியோர் வாழ்ந்த வட்டாரமொன்று அதனை ஏற்க மறுத்தது. அம்மறுப்பின் நியாயத்தை அம்முற்போக்காளருள் ஒருவரே எழுதி வைத்தமையால் இவ்வரலாறு இன்றும் ஆராயத்தக்கதாகின்றது.

1871ஆம் ஆண்டின் பெருந்தீயில் அழிந்து மீண்டெழுந்த சிக்காகோவின் சனத்தொகை 1890இல் பத்து இலட்சத்தைக் கடந்திருந்தது; 1900இல் ஏறக்குறைய 17 இலட்சமாயிற்று. வந்து குவிந்தோரிற் பெரும்பாலானோர் ஐரோப்பியக் குடியேற்றவாசிகள். நகரம் 34 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, வட்டாரத்துக்கு இருவராக 68 உறுப்பினர் மாநகரசபையில் அமர்ந்தனர். கூட்டமொன்றுக்கு அவர்கள் பெற்ற ஊதியம் 3 டொலர் மாத்திரமே. ஆயினும் அப்பதவிக்குக் கடும் போட்டி நிலவியது. காரணம் வெளிப்படையானது. வீதியிலே தண்டவாளம் இடவும், எரிவாயுக் குழாய் புதைக்கவும், மின்கம்பி இழுக்கவும் வேண்டிய தனியுரிமைகளை வழங்கும் அதிகாரம் அச்சபையிடம் இருந்தது. 1895இல் ஓக்டன் எரிவாயுக் கம்பனிக்கு உரிமை வழங்கப்பட்டமை இதற்குத் தக்க சான்று. தொழில் நடத்துவதற்காகவன்றி, ஏலவே இயங்கிய கம்பனிக்கு விலைபேசி விற்பதற்காகவே அது உருவாக்கப்பட்டது. ட்ராம் சேவையிற் பெரும்பகுதியைத் தன் கையிற் கொண்டிருந்த சார்ள்ஸ் யேர்க்ஸ் என்ற முதலாளி இச்சந்தையின் தலைசிறந்த கொள்வனவாளர். சபையின் 68 பேரில் 57 பேர் விலைபோனவர்கள் என்று பேசப்பட்டது. ‘சாம்பல் ஓநாய்கள்’ என்பது மக்கள் அவர்களுக்குச் சூட்டிய பெயர்.

1896இல் நிறுவப்பட்ட மாநகர வாக்காளர் சங்கம் இந்நிலையை மாற்ற முனைந்தது. அதன் தலைவர் ஜோர்ஜ் கோல் எழுதுபொருள் வணிகர். அரசியற் பின்னணி எதுவுமற்றவர். சங்கத்தின் முறை எளிமையானது. ஒவ்வொரு வேட்பாளரின் தொழில், வாழ்க்கை முறை, சபையில் இருந்தவராயின் தனியுரிமைச் சட்டங்களுக்கு அவர் அளித்த வாக்கு ஆகியவற்றைத் திரட்டி, ‘தகுதியுடையார்’, ‘தகுதியற்றார்’ எனத் தீர்ப்பெழுதித் தேர்தலுக்கு முன்னர் பத்திரிகைகளில் வெளியிட்டது. கட்சி எதுவென்று அது நோக்கவில்லை. அதுவரை மேடைப் பேச்சிலும் கட்சிச் சின்னத்திலும் மறைந்து கிடந்த சபை வாக்குப் பதிவேடு இவ்வாறு முதன்முதலாகப் பொதுமக்களின் கைக்கு வந்தது. இப்பணியை எவரும் சிறிதென மதித்தலாகாது.

பயனும் விரைவில் விளைந்தது. ட்ராம் உரிமைகளை 50 ஆண்டுகளுக்கு நீடிக்க மாநகரசபைகளுக்கு வழிவிடும் அலன் சட்டத்தை 1897இல் இல்லினோய் மாநிலச் சட்டசபை நிறைவேற்றியது. 1898இல் நடைபெற்ற மாநிலத் தேர்தலில், அச்சட்டத்துக்குக் கையுயர்த்தியோரிற் பெரும்பாலானோர் மீண்டும் சபைக்கு வரவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் விடயம் சிக்காகோ மாநகரசபையை அடைந்தபோது மக்கள் பார்வையாளர் மாடத்தில் தூக்குக்கயிறுகளோடு வந்தமர்ந்தனர். நகர முதல்வர் கார்ட்டர் ஹரிசன் எதிர்த்து நின்றார். யேர்க்ஸின் முயற்சி தோற்றது. அடுத்த ஆண்டு அச்சட்டமே நீக்கப்பட்டது. இதில் ஒரு விநோதம் உண்டு. முதலாம் வட்டாரத்தின் கொக்லின், கென்னா என்ற இருவரும் சூதாட்ட விடுதிகளுக்கும் விபசார விடுதிகளுக்கும் பாதுகாவலர் எனப் பெயரெடுத்தவர்கள். அவர்களும் அன்று முதல்வருடன் சேர்ந்து யேர்க்ஸுக்கு எதிராகவே நின்றனர். ‘தகுதியற்றார்’ சரியாக வாக்களிக்கும் நாளும் வரும் என்பதற்குச் சங்கத்தின் அட்டவணையில் இடமிருக்கவில்லை.

சங்கத்தின் அளவுகோலுக்கு மற்றொரு குறையும் இருந்தது. அது நேர்மையை அளந்தது. எவருக்கான நேர்மை என்பதை அளக்கவில்லை. 1892இல் மாநில ஆளுநராகத் தெரிவான ஜோன் ஓல்ட்கெல்ட், ஹேமார்க்கட் வழக்கில் சிறையிலிருந்த மூவரை 1893இல் விடுதலை செய்தார். தொழிற்சாலைச் சட்டத்துக்கு ஒப்பமளித்தார். புளோரன்ஸ் கெலி என்ற பெண்மணியைத் தலைமைத் தொழிற்சாலைப் பரிசோதகராக நியமித்தார். 1895இல் யேர்க்ஸின் ஆதாயத்துக்கான மசோதாக்களையும் நிராகரித்தார். அத்தகையவரை 1896இல் தோற்கடிக்க, நகரத்தின் கண்ணியமான வணிகப் பெருமக்களிற் பலர் முன்னின்றனர். களவுக்கு எதிரான சீற்றமும் தொழிலாளருக்கான நீதியும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, பத்தொன்பதாம் வட்டாரத்துக்கு வருவோம். 1889இல் ஜேன் அடம்ஸ், எலன் கேற்ஸ் ஸ்டார் ஆகிய இரு பெண்கள் ஹோல்ஸ்டெட் வீதியில் ‘ஹல் இல்லம்’ என்ற சமூகநிலையத்தை அவ்வட்டாரத்தில் நிறுவினர். அயலவர் இத்தாலியரும் ஐரிஷ் மக்களும் ரஷ்ய யூதரும் பிறருமான தொழிலாளர். குப்பை அள்ளப்படாத சந்துகளில் நோய் மலிந்தது. 1895இல் அடம்ஸ் அம்மையாரே அவ்வட்டாரக் குப்பைப் பரிசோதகராக நியமனம் பெற்று, விடியற்காலை ஆறு மணிக்கு வண்டிகளின் பின்னே புறப்பட்டார். ஒரு வீதியிலே படிந்து கிடந்த குப்பையை அகற்றியபோது அடியிற் கற்பாவல் வெளிப்பட்டது; அப்படியொரு பாவல் அங்கு உண்டென்பதை அயலவர் பலர் அறிந்திருக்கவில்லை. குப்பை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து சென்றவருக்கு, அதன் மறுமுனையில் வட்டார உறுப்பினர் ஜோன் பவர்ஸ் நிற்பது புலனாயிற்று. அயர்லாந்திற் பிறந்து, மதுச்சாலை நடத்தி, 1888 முதல் சபையில் இருந்த பவர்ஸ் சாம்பல் ஓநாய்களின் தலைவர்; யேர்க்ஸின் நம்பிக்கைக்குரியவர். சங்கத்தின் கோலால் அளந்தால் அவர் தேறமாட்டார்.

1896இல் ஹல் இல்லத்தார் அவருக்கெதிராக வில்லியம் கிளீசன் என்ற கொத்தனாரை நிறுத்தினர். தொழிலாளர் வட்டாரத்துக்குத் தொழிலாளியே பிரதிநிதி என்பது அவர்தம் எண்ணம். பவர்ஸின் பெரும்பான்மை குறைந்ததேயன்றி அவர் தோற்கவில்லை. 1898இல் சிமியன் ஆம்ஸ்ட்ரோங் என்பவரை ஆதரித்து மேலும் உறுதியாகப் போராடினர். பவர்ஸ் பெருவெற்றி பெற்றார்.

இவ்விரு போட்டிகளுக்கிடையே, 1898இன் தொடக்கத்தில் அடம்ஸ் ஆற்றிய உரையொன்று அவ்வாண்டிலேயே அச்சேறியது. எதிராளியை இகழ்வதை விடுத்து, மக்கள் அவரை ஏன் நேசிக்கின்றனர் என ஆராயும் பிரசாரக்காரர் அரியர். பவர்ஸ் வாடகை செலுத்தினார். சிறைப்பட்டோரைப் பிணையில் எடுத்தார். புகையிரதக் கம்பனிகளிடம் இலவசச் சீட்டுப் பெற்றுக்கொடுத்தார். ட்ராம் கம்பனியிலும் நகர சேவையிலும் வேலை வாங்கிக் கொடுத்தார். ஒரு நத்தாருக்கு அவர் பகிர்ந்தளித்த வான்கோழி மாத்திரம் ஆறு தொன் என அடம்ஸ் எழுதுகிறார். மரணவீடுகளைத் தவறவிடாமையால் ‘துக்கம் காப்பவர்’ என்றே பவர்ஸுக்குப் பட்டப்பெயர் வழங்கியது.

அடம்ஸ் தம் தவறொன்றையும் மறைக்காது கூறுகிறார். ஹல் இல்லத்துச் சிசுப் பராமரிப்பு நிலையத்தில் கைவிடப்பட்ட குழந்தை ஒன்று, அவர்தம் பராமரிப்பில் இருந்தபோதே இறந்தது. அதனை அரச செலவில் அடக்கம் செய்ய நிலையத்தார் ஏற்பாடு செய்தனர். அயலவர் கொதித்தெழுந்து, தம்முள் பணம் சேர்த்து முறையான அடக்கத்துக்கு முன்வந்தனர். நிலையத்தார் தம் செயலிலே குற்றம் எதனையும் கண்டிருக்கவில்லை. பராமரிப்பு உயிரோடிருந்த குழந்தைக்கே உரியது என்பது அவர்களின் நியாயம். அயலவருக்கோ அநாதைப் பிணமாகப் போவதினும் கொடிய இழிவு வேறில்லை. ஹல் இல்லத்தின் மதிப்பை அயலவரிடையே இவ்வளவுக்குக் குலைத்த செயல் பிறிதொன்று உண்டோ என அவர் ஐயுறுகிறார்.

ஆகவே அவ்வட்டாரத்து மக்கள் விலைக்கு வாங்கப்பட்டனர் என்று சொல்லிவிடல் எளிது, அது உண்மையாகாது. அவர்களிடமும் ஓர் அளவுகோல் இருந்தது. இடுக்கண் வந்தபோது வந்து நின்றவர் எவர் என்பதே அது. காப்புறுதியோ ஓய்வூதியமோ இல்லாத நகரில் அதனை அறியாமை என்று ஒதுக்குவதற்கில்லை. கொத்தனாரை அவர்கள் விரும்பாமைக்கும் காரணம் உண்டு. தம்மைப் போன்ற ஒருவரையன்றி, தம்மிடமிருந்து உயர்ந்து சென்று தமக்கு உதவ வல்ல ஒருவரையே அவர்கள் நாடினர். எனினும் அக்கோலும் குறையுடையதே. வான்கோழிக்கான பணம் ட்ராம் கட்டணத்திலிருந்து வந்தது; அவர்களே செலுத்திய ஐந்து சதங்களின் ஒரு பகுதியே நத்தார்ப் பரிசாகத் திரும்பி வந்தது. இத்தொடர்பை அவர்கள் காணவில்லை. சங்கத்தாரோ இத்தொடர்பை மாத்திரமே கண்டனர். நகரம் உரிமையாக வழங்கவேண்டிய வேலையையும் பாதுகாப்பையும் ஒருவர் சலுகையாக வழங்கிக்கொண்டிருக்கும் வரை, பதிவேட்டைக் காட்டி அவரைத் தோற்கடிக்க இயலாது என அடம்ஸ் உணர்ந்திருந்தார். 1898க்குப் பின் ஹல் இல்லம் பவர்ஸை எதிர்த்து அத்தகைய பிரசாரம் நடத்தவில்லை. பிள்ளைகளின் உழைப்பு, வீடமைப்பு, தொழிற்சட்டம் ஆகியவற்றில் அதன் கவனம் சென்றது.

சங்கம் தன் வழியிற் சென்று சபையைப் பெருமளவு திருத்தியது. 1903இல் லிங்கன் ஸ்டெபன்ஸ் சிக்காகோவைப் பாதி விடுதலை பெற்ற நகரமாக வருணித்தார். விடுபடாத பாதியிலே பத்தொன்பதாம் வட்டாரமும் அடங்கும். குப்பைப் பரிசோதகர் பதவி வீதி மேற்பார்வையாளர் பதவியோடு இணைக்கப்பட்டு, பெண்களுக்கு எட்டாததாக்கப்பட்டது.

இத்தனை தேர்தல்களிலும் வேட்பாளரை எடைபோட்டு எழுதிய அடம்ஸுக்கு வாக்குரிமை இருக்கவில்லை என்பதையும் குறிப்பிடல் வேண்டும். இல்லினோய் மாநிலப் பெண்கள் மாநகரசபைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை 1913இலேயே பெற்றனர். பவர்ஸ் அப்பொழுதும் சபையில் இருந்தார்.