மலரில் வராத பக்கம்

எங்க பள்ளிக்கூடத்துக்கு 2022இல் பொன்விழா வந்தது. விழா மலர் போடுகிறோம், ஆங்கிலத் துறையைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். அங்கேயே படித்து, அங்கேயே வாத்தியாராக இருந்து, 2016இல் ஓய்வு பெற்றவன் நான். ஆசிரியர்கள் பெயர், அவர்கள் வேலை பார்த்த வருஷங்கள், தேர்ச்சி விகிதம், இலக்கிய மன்றப் போட்டிகள் எல்லாவற்றையும் எழுதினேன். கூடவே, சேரிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எப்படி வந்து சேர்ந்தது என்கிற கதையையும் எழுதினேன். மலர் அச்சாகி வந்தது. முதல் பாதி இருந்தது, பின்பாதியைக் காணவில்லை. கேட்டதற்கு, "விழா மலராச்சே சார், பழசை எல்லாம் எதுக்குக் கிளறணும்?" என்றார்கள். அவர்கள் வெட்டிய பக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

'ஆங்கிலத் துறை' என்பது பெரிய வார்த்தை. எங்கள் துறைக்குச் சொந்தமாக இருந்தது ஒரு மர பீரோ, அதில் கரையான் அரித்த அகராதி ஒன்று, நாலுவரி நோட்டுக் கட்டுகள், ஒரு ரெக்கார்டு புத்தகம். ஆங்கிலத்துக்கென்று தனிப் பட்டதாரி ஆசிரியர் எங்களுக்கு ரொம்ப காலம் கிடையாது. சரித்திர வாத்தியாரோ சயின்ஸ் டீச்சரோ கூடவே இங்கிலீஷையும் எடுப்பார்கள். நானும் சரித்திரம் படித்தவன்தான். அதனால்தானோ என்னவோ, இந்தப் பாடத்தையும் நான் சரித்திரமாகவே பார்த்துப் பழகிவிட்டேன்.

எட்டாம் வகுப்பு வரை நான் படித்தது ஊருக்குள் இருந்த பள்ளியில். சேரியிலிருந்து போன நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்போம். இங்கிலீஷ் வாத்தியார் முன்வரிசைப் பிள்ளைகளை எழுப்பி வாசிக்கச் சொல்வார். எங்க வரிசைக்கு வரும்போது புத்தகத்தை மூடிவிடுவார். ஒருநாள் நான் எழுந்து நின்று, "நான் படிக்கட்டுமா சார்?" என்று கேட்டேன். அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே, "உனக்கு எதுக்குடா கிராமரு? எஸ் சார், நோ சார் தெரிஞ்சா போதாதா?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னைக்கும் எனக்கு என்மேலதான் கோபம் வருது.

பல வருஷம் கழித்துச் சரித்திரம் படிக்கப் போனபோதுதான் ஒன்று புரிந்தது. அந்த வாத்தியார் அதைத் தன் சொந்தப் புத்தியில் சொல்லவில்லை. அது நூறு வருஷத்துக்கும் மேலாக நடந்துவந்த ஏற்பாடு.

1835இல் மெக்காலே தன் கல்விக் குறிப்பை எழுதினார். ஆளுகிறவர்களுக்கும் ஆளப்படுகிற கோடிக்கணக்கானவர்களுக்கும் நடுவே நின்று பேச ஒரு வகுப்பை உருவாக்க வேண்டும் என்பது அவர் திட்டம். 1841இல் சென்னையில் அரசு உயர்நிலைப்பள்ளி திறக்கப்பட்டது. பின்னால் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். 1857இல் பல்கலைக்கழகம் வந்தது. அந்த நடு வகுப்பாக யார் போய் உட்கார்ந்தார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு முன்னால் யார் கையில் ஏடும் எழுத்தாணியும் இருந்ததோ, அவர்கள் கைக்கே பேனாவும் போனது.

நம்ம சனங்களுக்கும் இங்கிலீஷ் தெரிந்திருந்தது, ஆனால் பள்ளிக்கூடம் வழியாக அல்ல. துரைமார் பங்களாச் சமையல்கட்டிலும், குதிரை லாயத்திலும், பட்டாளத்திலும் காதால் கேட்டுப் படித்த இங்கிலீஷ் அது. 'பட்லர் இங்கிலீஷ்' என்று அதற்குக் கேலிப் பெயர் வைத்தார்கள். இலக்கணம் இல்லாத பாஷை என்று படித்தவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தப் பட்லர்களில் ஒருவர் கந்தப்பன், அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார். ஆரிங்டன் துரையிடம் வேலை பார்த்த அவர்தான் திருக்குறள் ஏடுகளை எல்லிஸ் துரையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் என்று பண்டிதர் பதிவு செய்திருக்கிறார். பட்லர் வீட்டில் ஏடு இருந்தது, அதன் மதிப்பும் அவருக்குத் தெரிந்திருந்தது. துரையிடம் அதைச் சொல்கிற அளவுக்குப் பேச்சும் இருந்தது. சிரிக்கிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்கட்டும்.

பள்ளிக்கூடக் கதவு மெதுவாகத்தான் திறந்தது. முதலில் மிஷன் பள்ளிகள். 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1893இல் பஞ்சமர் கல்விக்கென்று அரசாணை வந்தது. 1894இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அயோத்திதாசர் போன்றவர்கள் அவரோடு நின்று கேட்டதும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் பள்ளிக்குள் போய்விட்டால் போதுமா? இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தன் ஜீவிய சரித்திரத்தைப் படியுங்கள். கோயம்புத்தூரில் அவர் படித்த பள்ளியில் 400 பிள்ளைகள். பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். சாதியும் வீடும் தெரிந்துவிட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து அவர் யாரோடும் பழகவில்லை. மணி அடிக்கும்வரை வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து படிப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். பள்ளி விட்டதும், மற்ற பிள்ளைகள் வந்து சேர்ந்துகொள்வதற்குள் வேகமாக வீட்டுக்குப் போய்விடுவார். விளையாட்டு இல்லை, சிநேகிதம் இல்லை. அவர் இங்கிலீஷ் படித்தது இப்படித்தான்.

அந்த இங்கிலீஷை வைத்து அவர் என்ன செய்தார்? சிவில் சர்வீஸ் பரீட்சையை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்த நேரம். இங்கே நடத்தினால் சாதி இந்துக்களே அதிகாரிகளாக வந்து நம் தலையில் உட்காருவார்கள் என்று எதிர்த்து, 1893 டிசம்பரில் இங்கிலாந்துப் பார்லிமெண்டுக்கு ஒரு மனு அனுப்பினார். அதில் 3,412 பேர் கையெழுத்து. மனுவின் நீளம் 112 அடி. அந்த மனு சொன்ன நிலைப்பாட்டோடு இன்றைக்கு ஒருவர் உடன்படலாம், உடன்படாமலும் போகலாம். சிநேகிதனோடு உட்கார்ந்து படிக்கக்கூட முடியாமல் மறைந்து மறைந்து இங்கிலீஷ் படித்த ஒருவர், 3,412 பேரின் குரலை அதில் எழுதினார் என்பதுதான் எனக்கு முக்கியம். 1930இல் அண்ணல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்து பேசியதும் அதே இங்கிலீஷில்தான்.

அண்ணலின் கதையும் இதுவே. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப்பள்ளியில், கணக்குப் போட அவரைக் கரும்பலகைக்கு வாத்தியார் கூப்பிட்டதும், பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாக்களை எடுக்கப் பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். அவருக்கு ஆங்கிலத்தில் அடித்தளம் போட்டது பள்ளிக்கூடம் மட்டும் அல்ல. பட்டாளப் பள்ளியில் ஆசிரியராக இருந்த அப்பா ராம்ஜி, ஆங்கில வாசகங்களையும் மொழிபெயர்ப்புப் பயிற்சிகளையும் வீட்டில் உட்காரவைத்துப் படிக்க வைத்தார். இங்கே எம்.சி. ராஜாவும் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்தான். சட்டசபையில் பேசியதோடு நில்லாமல், ஒடுக்கப்பட்ட இந்துக்களைப் பற்றி 1925இல் ஆங்கிலத்திலேயே புத்தகம் எழுதினார்.

ஆக, நமக்கு வந்த இங்கிலீஷ் இரண்டு வகை. ஒன்று, உத்தரவைக் கேட்டு 'எஸ் சார்' சொல்வதற்கு. இன்னொன்று, மனு எழுதுவதற்கு. எந்தப் பள்ளியின் ஆங்கிலத் துறையானாலும், இந்த இரண்டில் எதைச் சொல்லிக் கொடுத்தது என்றுதான் நான் பார்ப்பேன்.

இப்போது எங்க பள்ளிக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் லேபர் கமிஷனர் நடத்திய பள்ளிகளை எங்க பெரியவங்க 'லேபர் ஸ்கூல்' என்பார்கள். அந்த வழியில் வந்த பள்ளிகள் பின்னால் 'ஹரிஜன நல' பள்ளிகளாகி, அதற்கும் பின்னால் 'ஆதி திராவிடர் நல' பள்ளிகளாயின. பெயரை எப்போதும் யாரோ வைத்தார்கள், நாங்கள் சுமந்தோம். 1972இல் எங்கள் சேரிப் பள்ளி உயர்நிலைப்பள்ளி ஆனது. அதன் முதல் ஒன்பதாம் வகுப்பில் நான் சேர்ந்தேன்.

அங்கே இங்கிலீஷ் எடுக்க வந்தவர் மிஷன் பள்ளியில் படித்த, நம்ம சனத்தைச் சேர்ந்த ஒருவர். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு ஆங்கில மன்றம். மற்ற பள்ளிகளில் மன்றம் என்றால் மனப்பாடப் பேச்சு. இவர் எங்களை நாங்கள் பார்த்ததைச் சொல்லச் சொல்வார். தப்பும் தவறுமாகச் சொல்வோம். "தப்பு அப்புறம் திருத்திக்கலாம், மொதல்ல வாயத் தொற" என்பார்.

ஒருநாள் கடிதம் எழுதும் பாடம். சுற்றுலா போகப் பணம் கேட்டு அப்பாவுக்குக் கடிதம் எழுதுக என்று புத்தகத்தில் இருந்தது. படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். "உங்க அப்பன் எவன்டா காச வச்சிக்கிட்டு லெட்டருக்குக் காத்திருக்கான்? உங்க தெருவுல என்னடா கொறை?" என்று கேட்டார். பின்னால் இருந்து ஒரு பெண், "தண்ணி சார்" என்றாள். எங்க தெருவுக்குக் குழாய் கிடையாது. ஊர்க் கிணற்றங்கரையில் குடத்தோடு நிற்க வேண்டும், யாராவது இறைத்து ஊற்றினால் உண்டு. "அப்ப கலெக்டருக்கு எழுது" என்றார்.

வழக்கமான மனு பாணியில் 'வீ பெக் டு ஸ்டேட்' என்று கரும்பலகையில் நான்தான் எழுதினேன். அவர் வந்து 'பெக்' என்ற சொல்லை அழித்தார். "பெக்னா பிச்சை எடுக்கறது. குழாய் என்ன பிச்சையா? தெரியப்படுத்துறோம்னு எழுது" என்றார். நான் படித்த இலக்கணத்திலேயே பெரிய இலக்கணம் அதுதான்.

அந்த மனுவை 1974 ஜமாபந்தியில் கொண்டுபோய்க் கொடுத்தோம். கர்ணம் வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரு எழுதிக் குடுத்தது? படி பார்ப்போம்" என்று அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவள் கை நடுங்கியது. ஆனாலும் கடைசி வரி வரைக்கும் படித்தாள். குழாய் வர இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் எங்க சாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். குழாயடியில் அவர் ஒருநாளும் நிற்கவில்லை.

பின்னால் நானே வாத்தியாராக வந்தபோது, அவரைப்போல முழுதாக நடத்த முடிந்தது என்று சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்பில் முதல் தாள், இரண்டாம் தாள் என்று எங்களைத் துரத்திக்கொண்டே இருந்தது பரீட்சை. தேர்ச்சி விகிதம் குறைந்தால் மெமோ வரும். கைடைக் கொடுத்து, அஞ்சு கட்டுரையை மனப்பாடம் பண்ணவைத்துப் பாஸ் போடவைத்த பாவத்தை நானும் செய்திருக்கிறேன். அப்படிப் பாஸ் ஆனவன் கல்லூரியில் ஒரு விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் என்னிடம் வந்து நின்றபோது, எட்டாம் வகுப்பில் சிரித்த அந்த வாத்தியாரை நினைத்துக்கொண்டேன். அவர் சிரித்து மூடிய புத்தகத்தை நான் மனப்பாடத்தால் மூடியிருக்கிறேன். பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதானே?

அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. இரண்டு தாள் 2019-20இல் ஒரு தாளானது. 2023இல், நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதைப் பற்றி நம்மிடையே இரண்டு கருத்து இருக்கிறது, விவாதிப்போம். பலகையில் எந்தப் பெயர் எழுதினாலும், உள்ளே நிற்கிற வாத்தியார் கடைசி வரிசைப் பிள்ளையிடம் வரும்போது புத்தகத்தை மூடுகிறாரா, திறக்கிறாரா என்பதையும் அந்த விவாதத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படித்து முடித்த தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க தெருப் பிள்ளைகளை வாரத்தில் ஒருநாள் மாலை உட்காரவையுங்கள். பாடப் புத்தகம் வேண்டாம். தெருவில் என்ன குறை என்று கேளுங்கள். அதை எழுதச் சொல்லுங்கள், தமிழிலும் இங்கிலீஷிலும். 'பெக்' என்ற சொல் எங்கேயாவது வந்தால் அழித்துவிடுங்கள்.