புழுங்கலரிசியும் கைக்கடிகாரக் கணக்கும்

லகாட்டில் எங்கள் வீட்டிலிருந்து மெங்லெம்பு பக்கம் ஒரு மணி நேரம் வேகமாக நடந்து திரும்பினால், என் கைக்கடிகாரம் 380 கலோரி என்கிறது. சோறும் சீனியும் குறைத்த உணவுமுறையில் இது எனக்கு ஐந்தாவது மாதம். அந்த 380-ஐ மறுபடியும் சாப்பிட்டுக்கொள்ளலாமா என்று அப்பா கேட்டார். அவரும் என்னோடு சோற்றை விட்டவர்தான்.

"நடந்ததைத் திருப்பிச் சாப்பிட்டா, அப்புறம் எதுக்குப்பா நடக்கணும்?" என்றேன். பொறியியல் படித்தவனுக்கு வரவு செலவு சுலபமாக வந்துவிடும்.

மூன்றாவது வாரம், நடையின் பாதியில் அப்பா வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை 3.1. அவர் நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர். அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு செலவாகிறது என்று மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் கிந்தா பள்ளத்தாக்கே சாட்சி. நூறு வருடங்களுக்கு முன்பு இங்கே ஈய லம்பங்களில் சேற்றில் நின்று மண் சுமந்த சீனத் தொழிலாளர்கள் வயிறு நிறையத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு சாப்பிட்டார்கள். உழைத்த சக்தியைச் சோறாகவே திருப்பி எடுத்துக்கொண்டார்கள். என் கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் கால் வீங்கி, மரத்து, இதயம் நின்று கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். பெரிபெரி.

தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனர்ட் பிராடன் இதைக் கவனித்தார்: தமிழன் சாப்பிட்டது புழுங்கலரிசி. 1905 கடைசியில் வில்லியம் ஃபிளெட்சர், கோலாலம்பூர் மனநோய் விடுதியில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வெள்ளை அரிசியும் மறுபாதிக்குப் புழுங்கலும் போட்டார். வெள்ளை அரிசிக்காரர்களில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். மறுபக்கம் ஒருவரும் இல்லை. (அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.)

எனக்கு இன்னும் நெருக்கமானது அடுத்த சோதனை. மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் அதையே செய்து, 1909-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி உழைப்பு. வெள்ளை அரிசிக் கூட்டத்துக்கு நோய் வந்தது. அரிசியை மாற்றினார்கள், மற்றக் கூட்டத்துக்கு வந்தது. தவிட்டோடு போனது தயமின் என்று பின்னால் தெரிந்தது. நெல்லை அவிக்கும்போது அது அரிசிக்குள் இறங்கிவிடும். சோற்றிலுள்ள மாவுச்சத்தை உடல் எரிக்க அதுதான் வேண்டும். ஆகவே தயமின் இல்லாத சோற்றை எவ்வளவு கூட்டிச் சாப்பிட்டாலும், தட்டுப்பாடு இன்னும் மோசமாகும்.

சோறுதான் நம்மைக் கெடுத்தது என்று பேலியோ நண்பர்கள் சொல்லும்போது எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. பால் மரம் வெட்டிய எங்கள் பாட்டி தினம் அதைத்தான் சாப்பிட்டார். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4. லயத்தை விட்டு வந்தோம், வாளியை விட்டோம், சோற்றை விடவில்லை. போதாததற்கு கெட்டிப்பால் தேநீர்.

அப்படியென்றால் பாட்டி மாதிரி நடந்தால் பாட்டி மாதிரி சாப்பிடலாமா? அங்கேயும் ஒரு இடி. தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களை அளந்து பொன்ட்சர் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் நாள் முழுக்க நடந்தும், உடல் அளவைக் கழித்துப் பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மேற்கத்தியர்கள் அளவுக்கே சக்தி செலவழிக்கிறார்கள் என்றது. உடல் வேறு எங்கோ சிக்கனம் பிடிக்கிறதாம். கடிகாரமோ அதைவிட மோசம். 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதித்ததில், கலோரியில் மிக நல்லதே 27 விழுக்காடு பிசகியது. போதாக்குறைக்கு, சும்மா படுத்திருந்தாலே அந்த ஒரு மணியில் செலவாகும் எழுபது எண்பதையும் என் 380-இல் சேர்த்திருக்கும்.

ஆகவே நான் நடந்ததைத் திருப்பிச் சாப்பிடுவதில்லை. ரொம்பப் பசித்தால் இரண்டு அவித்த முட்டை. அப்பாவுக்கு வேறு. மருத்துவர் மாத்திரையைக் குறைத்தார், புறப்படும் முன் சர்க்கரை பார்க்கச் சொன்னார், பசியாறாமல் நடக்கக் கூடாது என்றார். அம்மா இப்போது ஒரு பிடி புழுங்கலரிசிச் சோறு தனியாக வடிக்கிறார். அப்பாவின் சட்டைப் பையில் மிட்டாய் இருக்கிறது. நடக்கும்போது நான் கடிகாரத்தைவிட அவர் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன்.