நாயாற்றுக் கரையின் மாலைத் தணல்

கடற்கரையில் மாலைப் பொழுதைக் கழித்து, அங்கேயே தணல் மூட்டி மீனைச் சுட்டு உண்டு மீள்வது இக்கால நகர மக்கள் கண்டெடுத்த புதிய பொழுதுபோக்கு என்று பலர் எண்ணுவர். அது புதியதன்று. காற்று வாங்கக் கடலோரம் செல்வோர் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, உழைத்துக் களைத்த மக்கள் அதே மணலில் அதே உணவை உண்டனர். அவ்வுணவின் வரலாற்றையும், அதனை உண்ணும் உரிமையின் வரலாற்றையும் அறிய விரும்புவோர்க்கு, வன்னியின் கீழ்க்கரையிலுள்ள நாயாறு தக்கதோர் இடமாகும்.

முல்லைத்தீவுப் பட்டினத்திலிருந்து தெற்கே கொக்கிளாய் நோக்கிச் செல்லும் பாதையில், அளம்பிலையும் செம்மலையையும் கடந்தால் நாயாற்றுப் பாலம் எதிர்ப்படும். மேற்கே களப்பு, கிழக்கே வங்காள விரிகுடா. மாரியில் காட்டாறுகள் களப்பை நிரப்ப, நீர் மணற்றிடரை உடைத்துக்கொண்டு கடலில் கலக்கும். கோடையில் அலைகள் மணலைக் குவித்து அவ்வாயை மீண்டும் ஒடுக்கும். இவ்வாறு உவரும் நன்னீரும் கலக்கும் இடமே இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்வதற்கு உகந்த இடம். இக்களப்பு 2017ஆம் ஆண்டில் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது.

கடலோர மக்கள் சுட்டுண்டதற்குத் தமிழில் பழைமையான சான்றுண்டு. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், தமது பட்டினப்பாலையில், கடல் இறாலைச் சுட்டுத் தின்னும் பரதவரைக் காட்டுகிறார். முழுமதி நாளில் அவர்கள் கடலுக்குச் செல்லாது, சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபட்டு, உண்டும் விளையாடியும் பொழுது போக்கினர் என்கிறார். ஈழத்திலிருந்து வந்த உணவுப் பொருள்கள் அப்பட்டினத்து வீதிகளில் குவிந்திருந்ததையும் அப்பாட்டே கூறுகிறது. கடலுக்கு அக்கரையும் இக்கரையும் அன்றே ஒன்றையொன்று அறிந்திருந்தன.

முல்லைத்தீவுக் கரைக்கும் தணலோடு சேர்ந்த ஒரு கதை உண்டு. நந்திக்கடலின் ஓரத்தில் மாடு மேய்த்த சிறுவரிடம் ஒரு மூதாட்டி பசியென்று வந்தாள்; அவர்கள் பொங்கிப் படைத்தனர். பொழுது சாய்ந்தபோது விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை வார்த்து ஏற்றுமாறு அவள் கூற, விளக்கு எரிந்தது. வந்தவள் கண்ணகியே என்பது ஊரார் நம்பிக்கை. வற்றாப்பளைக் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு இன்றும் சிலாவத்தைக் கரையிலிருந்து கடல்நீர் எடுத்துச் செல்லப்படுகிறது. முன்பின் அறியாதவர்க்கும் கரையில் சோறு உண்டு என்பதே இக்கதையின் உட்பொருள்.

இனி, நாயாற்றுக் கரையின் தொழிலைக் காண்போம். கரைவலையின் ஒரு கயிற்றைக் கரையிலே விட்டுத் தோணி புறப்படும். கடலில் அரைவட்டமாக வலையை இறக்கி, மறுகயிற்றுடன் சிறிது தொலைவில் கரை சேரும். பின்னர் இரு கூட்டத்தார் இரு கயிறுகளையும் பற்றி, அம்பாப் பாடலின் தாளத்துக்கு அடியெடுத்து வைத்து இழுப்பர். கூட்டங்கள் மெல்ல மெல்ல நெருங்க, நடுவிலுள்ள மடி கரையேறும். சூடையும் கீரியும் பாரையும் துள்ளும். வலைக்குரிய சம்மாட்டி, வியாபாரி, இழுத்தவர் என்று பங்கு பிரிந்த பின், கறிக்கென ஒதுக்கிய மீன் கூலியின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட்டது.

அம்மீனிற் சில வீடு வரை செல்வதில்லை. பொச்சுமட்டையும் சிரட்டையும் எரிந்து தணலானதும், உப்புத் தடவிய மீன் அதன்மேல் கிடத்தப்படும். செதில் கருகித் தோல் பிரியும்போது வெந்துவிட்டது என்று பொருள். தேசிக்காய்ப் புளியும் பச்சைமிளகாயும் வாய்த்தால் அது விருந்து. பகல் முழுதும் கயிறிழுத்தவரும், இரவு வலை விடப் புறப்படுபவரும் ஒருங்கே அமர்வது அந்த ஒரு நாழிகைதான். ஒருவருக்கு அது நாளின் முடிவு, மற்றவருக்குத் தொடக்கம்.

அத்தணலைச் சுற்றி அமர்ந்தோர் எல்லாரும் ஒரே ஊரினர் அல்லர். இக்கரையின் முதற்சட்டம் காற்று எழுதியது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கடலைக் கொந்தளிக்கச் செய்யும். அப்போது கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும். ஆதலின் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேற்குக்கரை ஊர்களின் மீனவர் தோணியும் வலையும் குடும்பமுமாக நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் வந்து, கிடுகு வேய்ந்த வாடிகளில் தங்கிக் கருவாடு உலர்த்தினர். வடகீழ்ப் பருவக்காற்று எழுமுன் திரும்பினர். அவர்களுட் பலர் கத்தோலிக்கர். சிங்களத்தோடு தமிழும் பேசியோர் உண்டு. வாடி என்ற சொல்லே இரு மொழிக்கும் பொதுவாயிற்று. பூசல் இல்லாமலில்லை, வலை இழுக்கும் பாடு எவருக்கு என்பது எக்கடற்கரையிலும் பழைய வழக்குத்தான். ஆயினும் பருவத்தோடு வருதலும் பருவத்தோடு போதலும் அவ்வழக்கைத் தணித்து வைத்தன.

அந்த ஒழுங்கு 1984ஆம் ஆண்டு டிசம்பரில் சிதைந்தது. அம்மாதம் 1ஆம் திகதி விடுதலைப் புலிகள் நாயாறு, கொக்கிளாய் மீனவர் குடியிருப்புகளைத் தாக்கியதில், பெண்களும் குழந்தைகளும் உட்படச் சிங்கள மீனவ மக்கள் மாண்டனர். தொடர்ந்து வந்த நாட்களில் படையினரின் நடவடிக்கைகளில் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு ஆகிய ஊர்களின் தமிழ்க் குடும்பங்கள் வீடு வாசலை விட்டு அகன்றன. விருந்தினரும் இல்லை, ஊராரும் இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு சென்றது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, பிறந்து வளர்ந்த கரையைக் காணாமலே கால் நூற்றாண்டைக் கழித்த குடும்பங்கள் பல இருந்தன.

போர் கண்ட கடற்கரை மீண்டும் மாலைப் பொழுதின் கரையாகுமா? இவ்வினாவுக்குத் தென்கொரியாவின் புசான் துறைமுகம் ஒரு விடை தருகிறது. 1950இல் கொரியப் போர் மூண்டபோது அந்நகரே அந்நாட்டின் தற்காலிகத் தலைநகராயிற்று. இலட்சக்கணக்கான அகதிகள் அங்கு வந்து ஒண்டினர். துறைமுகத்தின் ஓரத்தில் கூடையில் மீன் வைத்து விற்றுப் பிழைத்த பெண்களால் சகால்ச்சி என்னும் சந்தை பெருகியது. 1953இல் போர்நிறுத்தம் ஏற்பட்டது. சமாதான உடன்படிக்கை இன்றளவும் இல்லை. எனினும் அந்நகரின் ஹேயுண்டே கடற்கரையில், அதற்குப் பெயர் தந்த சில்லா நாட்டு அறிஞர் சோய் சிவோனை நினைவுகூரும் அம்மணலில், மக்கள் மாலைதோறும் உலாவுகின்றனர். அயலிலுள்ள கடைகளில் சிப்பியைக் கரித்தணலில் சுட்டு உண்கின்றனர். அகதியாய் வந்தவர்க்கும் அவர் மக்கட்கும் அங்கே ஊன்றி நிற்க இடம் கிடைத்தது. அதன் பின்னரே பொழுதுபோக்கு வந்தது.

நாயாற்றில் அந்த முதற்படியே இன்னும் உறுதிப்படவில்லை. ஊர் மீண்ட தமிழ் மீனவரும் மேற்குக்கரையிலிருந்து வருவோரும் ஒரே கரையில் வாடி அமைக்கின்றனர். கரைவலைக்கு உத்தரவுப்பத்திரம் வேண்டும்; அது எவர்க்கு, எத்தனை பேர்க்கு, எந்தப் பாட்டில் என்பதே முறைப்பாடாயிற்று. 2018 ஆகஸ்டில் ஓர் இரவு, தமிழ் மீனவரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் தீக்கிரையாயின. மீன் சுட்ட கரையிலேயே மீன்பிடிக்கும் கருவிகள் எரிந்தன.

தணலும் நெருப்பே, கூரையை எரிப்பதும் நெருப்பே. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, அதன் அருகே அமர்வோர் நாளையும் அங்கே அமரலாம் என்று நம்புகின்றனரா என்பதுதான். காற்று வகுத்த பழைய முறை, வருபவனுக்குப் பருவத்தையும் இருப்பவனுக்கு ஊரையும் அளித்தது. அந்த அளவை மனிதர் சட்டத்தால் மீண்டும் நிறுவும் நாளில், கொக்கிளாய்ப் பாதையில் செல்வோர் நாயாற்றுப் பாலத்தருகே இறங்கி, கடைசி வலை கரையேறும் வரை காத்திருந்து, சுட்ட மீனில் ஒரு துண்டை அச்சமின்றி வாங்கி உண்ணலாம்.