கர்ப்பிணிகளின் நோய் அச்சத்தை அளவிடுதல்

கருவுற்ற பெண்களுக்கு ஒரு நோயைப் பற்றி இருக்கும் பயத்தையும் பதற்றத்தையும் வினாப்பட்டியல் கொண்டு மதிப்பெண்ணாக்கும் உளவியல் முறை இது. 2015–16இல் பிரேசிலில் ஜிகா வைரசும், 2020 முதல் கோவிட் பெருந்தொற்றும் பரவியபோது இதன் தேவை கூர்மையாக உணரப்பட்டது.

கோவிட் காலத்தில் உலகெங்கும் அதிகம் கையாளப்பட்டது, ஈரானில் உருவாகி 2020இல் வெளியான ‘கோவிட்-19 அச்ச அளவுகோல்’. அதில் ஏழு கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 7 முதல் 35 வரை வரும். எண் கூடக் கூடப் பயம் அதிகம் என்று பொருள். பொதுமக்களுக்காக ஆக்கப்பட்ட இந்த அளவுகோல் பின்னர் கர்ப்பிணிகளிடமும் பயன்படுத்தப்பட்டது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஏழில் மூன்று கூற்றுகள் உடலைப் பற்றியவை: நோயை நினைத்தால் கை வியர்க்கிறது, கவலையில் தூக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது. கர்ப்பத்தில் இதயத்துடிப்பு இயல்பாகவே நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை கூடுகிறது. கடைசி மாதங்களில் இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கும். புரண்டு படுப்பதே பாடு. களைத்துப்போன ஒருத்தி, காரணம் எது என்று பிரித்துப் பார்க்காமல் ‘ஆம்’ என்று குறித்துவிட இடமுண்டு. இன்னொரு குறை இதைவிடப் பெரியது. உயிர் போய்விடுமோ என்ற பயத்தைக் கேட்கும் அளவுகோல், வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை.

கர்ப்பிணிகளுக்கென்றே உள்ள ‘கர்ப்பகாலப் பதற்ற வினாப்பட்டியல்’ குழந்தையின் நலத்தையும் பிரசவ பயத்தையும் தோற்ற மாற்றத்தையும் கேட்கிறது. தொற்றைத் தனியே கேட்பதில்லை.

1987இல் ஜான் காக்ஸ், ஜெனி ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி ஆகியோர் வெளியிட்ட எடின்பரோ அளவுகோல் மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கானது, கர்ப்பகாலத்திலும் பயன்படுகிறது. அதன் தமிழ் வடிவமும் சரிபார்க்கப்பட்டுள்ளது. அதை ஆக்கியவர்கள் உடல் அறிகுறிகளைக் கவனமாகத் தவிர்த்தார்கள். தூக்கத்தைப் பற்றிக் கேட்கும் இடத்திலும், மனவருத்தத்தால் தூங்க முடியவில்லையா என்றே கேட்கிறார்கள். பதற்றத்தைக் கணிக்க அதன் 3, 4, 5ஆம் வினாக்கள் உதவும். ஆனால் 4ஆம் 5ஆம் வினாக்கள் தக்க காரணமில்லாத கவலையையும் பயத்தையும் கேட்பவை. ஊரே நோயில் கிடக்கும்போது, ‘எனக்குத்தான் காரணம் இருக்கிறதே’ என்று நினைக்கும் பெண் ‘இல்லை’ என்று குறிப்பாள். அவளுடைய பயம் கணக்கில் வராமல் போகும்.

ஆகவே ஒரே பட்டியலை நம்பாமல், பொதுவான பதற்றத்தையும் நோய் பற்றிய பயத்தையும் தனித்தனியே அளப்பதே சரியான வழி. எத்தனை மாதம், தலைப்பிரசவமா, முன்பு கரு கலைந்ததுண்டா என்பனவும் பதிவாக வேண்டும். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் பதில் மாறக்கூடும் என்பதால் பெண்ணைத் தனியே வைத்துக் கேட்பது அவசியம். எழுத்து வாசிக்காதவருக்கு வினாவை அதே சொற்களில் படித்துக் காட்ட வேண்டும்; விளக்கம் சொல்லப்போனால் கேட்பவரின் கருத்து உள்ளே நுழைந்துவிடும். கூடுதல் மதிப்பெண் நோய்க் கணிப்பு ஆகாது. அடுத்து மருத்துவர் அவளோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பதற்கான அறிகுறியே அது. எடின்பரோ பட்டியலின் 10ஆம் வினா மட்டும் விலக்கு: தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் உண்டு என்று ஒருத்தி குறித்தால், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அன்றைக்கே கவனிக்க வேண்டும்.